ராமன் நிறமாலையில் எலும்பின் 960 முகடு வரவில்லை, அவசர உதவி தேவை

முல்லை: மாட்டு முழங்காலிலிருந்து எடுத்த, எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சீவல் ஒன்றை, சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு பொருளை அறியும் ராமன் கருவியில் வைத்து இரண்டு நாளாகப் போராடுகிறேன். எலும்புப் பகுதியிலும் அதன் கனிமத்தின் பாஸ்பேட்டைக் காட்டும் 960 செ.மீ⁻¹ முகடு தென்படவில்லை. பின்னணி மட்டும் மலைபோல் ஏறி நிற்கிறது. வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டும்.

கதிர்: எந்த லேசர், எதன்மேல் வைத்தீர்கள், சீவல் முன்பு எதில் ஊறியது?

தேனருவி: 532 நானோமீட்டராகத்தான் இருக்கும். திசுவின் உடனொளிர்வு (லேசர் பட்டதும் திசு தானே ஒளிர்வது) எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஒரே புள்ளியில் பத்து நிமிடம் லேசரை விட்டுவைத்தால் பின்னணி தணியும்.

மூத்தவன்: எலும்பு நிறமாலையிலேயே ஓங்கி நிற்பது பாஸ்பேட் முகடு, அதைத் தவறவிடவும் தனித் திறமை வேண்டும். சிலிக்கான் தகட்டை வைத்துக் கருவியைச் சரிபார்த்தீர்களா, அல்லது நேரே இங்கு வந்துவிட்டீர்களா?

முல்லை: சிலிக்கான் 520.5-இல் சரியாக வருகிறது. லேசர் 785. சாதாரணக் கண்ணாடி ஸ்லைடு. புரதத்தின் 1660 மங்கலாகத் தெரிகிறது. குருத்தெலும்புப் பக்கம் 1063-இல் ஒரு முகடு உண்டு.

மூத்தவன்: 785-இல் கண்ணாடியே 1400-ஐச் சுற்றி அகன்ற மேடு தரும். கால்சியம் ஃபுளோரைடு தட்டு வாங்குங்கள்.

தேனருவி: அந்த 1063, கனிமத்தின் கார்பனேட்.

கதிர்: கார்பனேட் 1070-இல் வரும், பாஸ்பேட்டே இல்லாத இடத்தில் அது மட்டும் எப்படித் தனித்து நிற்கும்? குருத்தெலும்பில் 1063 என்றால் அதில் இயல்பாகவே உள்ள சர்க்கரைச் சங்கிலியான காண்ட்ராய்ட்டின் சல்பேட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

தேனருவி: 7 அலையெண் வேறுபாட்டை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேசலாமா?

கதிர்: அதை அப்புறம் பார்ப்போம். முல்லை, சீவலின் தடிமன் என்ன?

முல்லை: 5 மைக்ரான். திசுவியல் ஆய்வகத்தில் மெழுகில் பதித்து மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் வெட்டித் தந்தார்கள்.

கதிர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கனிமம் உள்ள எலும்பை மெழுகில் பதித்து அவ்வளவு மெல்லிதாகச் சீவுவது கடினம் என்பதால், வழக்கமாக அமிலத்திலோ இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருள்) கரைசலிலோ ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்கிவிடுவார்கள். சுண்ணம் போனால் பாஸ்பேட்டும் போய்விடும், கொலாஜன் என்ற புரதம்தான் மிஞ்சும். மெழுகுக்கும் 1063, 1133, 1296 முகடுகள் உண்டு, பாருங்கள்.

முல்லை: 1296 ஊசிபோல் நிற்கிறது. ஆய்வகத்தில் கேட்டேன்: மூன்று வாரம் இடிடிஏ. பதப்படுத்தாத துண்டு ஒன்றை அறுத்து ஈரத்துடன் வைத்தேன், 960 வந்துவிட்டது. நன்றி.

தேனருவி: ஆக, 1063 உங்கள் சல்பேட்டும் இல்லை.

கதிர்: சைலீனில் மெழுகைக் கழுவியபின் 1296 மறைந்து, 1063 நின்றால் மறுபடி பேசுவோம்.