குற்றாலம் எப்ப போலாம்? அவசரம், டிக்கெட் போடணும்

மழைப்பிரியன்: குடும்பத்தோட குற்றாலம் போணும், எப்ப போனா தண்ணி நல்லா விழும்? போன தடவ மே மாசம் போயி பாறைய மட்டும் பாத்துட்டு வந்தோம், இந்த தடவ அப்டி ஆகக்கூடாது. சீக்கிரம் சொல்லுங்க.

செல்விமதுரை: எங்கருந்து வர்றீங்க? எத்தன பேர்? பெரியவங்க, சின்ன பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?

ஊர்சுத்தி: அக்டோபர் கடைசி, நவம்பர் போங்க. ஐப்பசி மழைக்கு எல்லா அருவியும் ரொம்பும், கூட்டமும் கம்மி, ரூமும் சல்லிசா கெடைக்கும்.

தென்காசித்தம்பி: அண்ணே தயவுசெஞ்சு அப்டி சொல்லாதீங்க. வடகிழக்கு மழைல தண்ணி வரும், ஆனா காட்டாத்து வெள்ளமா செம்மண் கலந்து வரும், மெயினருவில பாதுகாப்பு வளைவ (ஆர்ச்ச) தாண்டி விழுந்தா குளிக்க விட மாட்டாங்க. ரெண்டு நாள் ரூம்ல உக்காந்துட்டு போனவங்கள நெறய பாத்துருக்கேன். சீசன்னா ஜூன் ஜூலை ஆகஸ்ட்தான். கேரளாவுல தென்மேற்கு பருவமழை பிடிச்சதும் மலைக்கு நடுவுல இருக்கிற ஆரியங்காவு கணவாய் வழியா காத்து இங்க வரும், அந்த காத்தோட சாரல் விழும், கொஞ்ச நேரம் வெயில், திரும்ப சாரல். அதுக்காகத்தான் வர்றது.

பயணக்குறிப்பு: இதே கேள்விக்கு வருஷா வருஷம் பதில் எழுதியாச்சு, தேடிப்பாக்கவே மாட்டீங்களா. எந்த ஊர்னு கூட போடல. சீசன் ஒரே நாள்ல தொடங்காது, மழை தள்ளிப்போனா ஜூன் பாதி வரைக்கும் பாறைதான். ரயில் டிக்கெட் புக்கிங் 60 நாளுக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகும், அதனால ஜூலைய கணக்கு பண்ணி போடறதுதான் புத்திசாலித்தனம்.

ஊர்சுத்தி: நான் நவம்பர்ல 3 தடவ போயி குளிச்சிருக்கேன். ஜூலைல லைன்ல நின்னு 2 நிமிஷம் தலைய நனைக்கறது ஒரு குளியலா?

தென்காசித்தம்பி: கூட்டம் சனி ஞாயிறும் ஆடி அமாவாசையும்தான்ணே. செவ்வா புதன்ல விடியக்காலம் 5 மணிக்கு ஐந்தருவிக்கு வாங்க, நின்னு குளிக்கலாம். இன்னொண்ணு, கீழ வெயில் அடிக்கும்போதே மேல காட்டுல மழை பெஞ்சா நிமிஷத்துல வெள்ளம் வந்துரும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அப்டித்தான் ஒரு பையன் போயிட்டான், கோடை மழைலதான். அதனால எந்த மாசம் வந்தாலும் போலீஸ் விசில் அடிச்சா உடனே ஏறிரணும்.

செல்விமதுரை: சண்டைய விடுங்கப்பா, கேட்டவர் இன்னும் பதிலே சொல்லல.

மழைப்பிரியன்: சாரி, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். சென்னைலருந்து 5 பேர். அம்மாவுக்கு முட்டி வலி, பையனுக்கு 4 வயசு.

செல்விமதுரை: இத மொதல்லயே சொல்லிருக்கணும்ல! அப்ப கண்டிப்பா நவம்பர் வேண்டாம். மெயினருவில தண்ணி நடுவுல பொங்குமாக்கடல்ங்கிற பள்ளத்துல விழுந்து வேகம் கொறஞ்சு அப்புறம்தான் கீழ வருது, இருந்தாலும் சீசன் உச்சத்துல முதுகுல அடிக்கிற வேகம் அம்மாவால தாங்க முடியாது. அம்மாவயும் பையனயும் புலியருவிக்கு கூட்டிட்டு போங்க, சின்ன அருவி. சோப்பு, எண்ணெய் கொண்டுபோகாதீங்க, தடை இருக்கு.

தென்காசித்தம்பி: அக்கா சொல்றது சரி. பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில்ல ஏறி தென்காசில எறங்குங்க, அங்கருந்து பக்கம்தான். கெளம்புற அன்னிக்கு காலைல தண்ணி நெலவரம் கேட்டுக்கிடுங்க. வழியில மங்குஸ்தான், ரம்புட்டான் வித்தா வாங்கி பிள்ளைக்கு குடுங்க.

மழைப்பிரியன்: ஜூலை 2வது வாரம், செவ்வாக்கெழம கெளம்புறோம். பொதிகைல 3 சீட்டு கன்பார்ம், 2 வெயிட்டிங். நன்றி எல்லாருக்கும்.

ஊர்சுத்தி: நவம்பர்ல ஒரு தடவ தனியா போயி பாருங்க, அப்பறம் பேசலாம்.