உரோமானியத் தம்பதியர் கல்லறைச் சிற்பங்கள்: கோத்த கைகள் அன்பைச் சொல்கின்றனவா, உரிமையையா?

வைகறை:
வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள கிராடிடியா, கிராடிடியஸ் லிபானஸ் தம்பதியரின் பளிங்குச் சிற்பத்தைக் காதலின் சின்னம் என்று பொருநை எழுதியிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. கணவனும் மனைவியும் வலக்கை கோத்திருக்கும் இந்த அமைப்பு உரோமானியக் கல்லறைக் கற்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அக்கற்களில் பல, விடுதலை பெற்ற அடிமைகளுடையவை. அடிமைகள் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டம் அதைத் திருமணமாகக் கொள்ளவில்லை. பிறக்கும் குழந்தையும் தாயின் உரிமையாளருக்கே சொந்தம். விடுதலைக்குப் பின்னரே முறையான மணம் கைகூடியது. ஆகவே, "நாங்கள் சட்டப்படி கணவன் மனைவி" என்பதையே சாலையோரக் கல்லறையிலிருந்து அந்தக் கைகள் வழிப்போக்கருக்கு அறிவிக்கின்றன.

பொருநை:
சட்டம் குறித்து நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிராடிடியாவின் இடக்கை கணவனின் தோளின்மேல் படிந்திருப்பதைப் பாருங்கள். மணத்தை அறிவிக்க வலக்கைகளே போதும். அந்த இடக்கை எதற்கு? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்னொரு கல் இருக்கிறது. பளிங்கு அன்று, டிராவர்டைன் சுண்ணக்கல். காலம் ஏறத்தாழ கி.மு. 80. உரோம் நகரின் விமினால் குன்றில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஆரேலியஸ் ஹெர்மியாவும் அவர் மனைவி ஆரேலியா ஃபிலேமாட்டியமும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள். அவள் அவன் கையைத் தூக்கித் தன் வாயருகே கொண்டுபோகிறாள். இருபுறமும் உள்ள பாடல்களில் இருவரும் தம் குரலிலேயே பேசுகிறார்கள். இப்படியொரு காட்சியை எந்தச் சட்டம் கேட்டது?

வைகறை:
நீங்கள் காட்டும் கல்லே என் பக்கம் பேசுகிறது. ஃபிலேமாட்டியம் என்ற கிரேக்கப் பெயருக்குச் "சிறு முத்தம்" என்று பொருள். சிற்பி அப்பெயரையே காட்சியாக்கியிருக்கிறார். தனக்கு முன்னே மனைவி இறந்தாள் என்று கணவன் சொல்வதால், அவள் பேசுவதாக உள்ள வரிகளும் அவள் இறந்தபின் எழுதப்பட்டவையே. கற்புடையவள், நாணமுடையவள், கணவனுக்கு உண்மையானவள் என்ற அந்தப் புகழ்ச்சி, உரோமானியர் நல்ல மனைவிக்கு வழக்கமாகச் சூட்டியதுதான். ஏழு வயதில் அவன் தன்னை மடியில் ஏற்றுக்கொண்டான், பெற்றோரினும் மேலாக இருந்தான் என்றும் அவள் சொல்கிறாள். நாற்பதில் இறந்தவள் அவள். அந்த ஏழு வயது என் மனத்தை உறுத்துகிறது. இது காதல் கதையாகத் தொடங்கவில்லை.

பொருநை:
அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. ஏழு வயதுக் குழந்தையைக் குறித்துக் காதல் என்ற சொல்லை நானும் பயன்படுத்த மாட்டேன். ஆனால் அவன் அவளுடைய உரிமையாளன் அல்லன். "உடன் விடுதலை பெற்றவன்" என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரே வீட்டில் அடிமைகளாக இருந்த இருவரில், ஆதரவற்ற சிறுமியை மூத்தவன் காத்தான் என்றே நான் அவ்வரியைப் படிக்கிறேன். பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் உரிமையாளர்கள் அடிமைகளுக்குச் சூட்டியவை. யாரோ வைத்த அந்தப் பெயரைக் கல்லில் பொறித்ததோடு ஹெர்மியா நிற்கவில்லை. அந்த முத்தம் தன் கையில் படிவதாகவும் செதுக்கச் செய்தான். அதில் உரிமையும் இருக்கலாம். துயரம் இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

வைகறை:
உடன் விடுதலை பெற்றவன் என்பதை நான் போதிய அளவு கருதவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கிராடிடியாவின் இடக்கை ஒன்றைக் கொண்டு அந்தப் பளிங்குச் சிற்பத்தைக் காதல் சின்னம் என்பதை இன்னும் ஏற்கவில்லை.