மூன்று வயது மகளுக்கு டிவி பாடம் சரிவருமா?

கேள்வி: கல்லடியில் இருக்கிறோம். காலையில் நான் புட்டு அவிக்கும் நேரம் மகளுக்கு எழுத்துப் பாட்டுப் போட்டு விடுவேன். ‘அ, ஆ’ என்று ராகமாய்ப் பாடுகிறாள். கொப்பியில் ‘அ’வைக் காட்டினால் முழிக்கிறாள். மாமி ஒரே ஏச்சு.

பதில் 1: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

பதில் 2: தங்கச்சி, தனிய விடாமல் பக்கத்தில் இருங்கள். என் மகன் டிவியோடு பத்து வரை கத்துவான், அவ்வளவுதான். ஒருநாள் கறிக்கு வாங்கிய வாவி நண்டைக் காட்டி எண்ணச் சொன்னேன். கால் எட்டு, கொடுக்கு இரண்டு. அன்றைக்குத்தான் பத்து பிடிபட்டது. (விரலையும் கடிக்கப் பார்த்தது நண்டு!)

கேட்டவர்: சரி அக்கா, புட்டு அவித்த பிறகே போடுகிறேன். மாமியின் பின்னேர நாடகத்தை யார் நிறுத்துவது?