மறுமொழி: சோபா நுரையின் ‘கெட்டி’க்கு எந்தச் சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

சோபாவில் வைக்கும் ‘ஃபோம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் கோபி அம்மா தொடங்கிவைத்த பேச்சு, மூன்று நாளாக அந்த ஒரு சொல்லையே சுற்றி வருகிறது. அதில் எனக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை; நுரை போதும். ‘நுரை என்றால் வடிந்துவிடுமே, சோபாவில் எப்படி நிற்கும்’ என்று கரூர் அண்ணன் கேட்டிருக்கிறார். அந்தப் பொருள் நுரையாகவே பிறப்பதுதான், அண்ணா. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் தண்ணீரும் சேரும்போது கரியமில வாயு கிளம்பி, புளித்த ஆப்ப மாவைப் போலக் கலவை பொங்குகிறது. பொங்கிய வாக்கிலேயே இறுகியும்விடுகிறது. குமிழிகளின் சவ்வு கிழிந்து, எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. அதனால்தான் உட்காரும்போது காற்று வெளியேறுகிறது, எழுந்ததும் உள்ளே வருகிறது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளர் தொடங்கிவைத்த பாலியூரித்தேன் (இந்த நுரையின் மூலப்பொருள்) வேதியியலின் பிள்ளை இது. அண்ணனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்றால் ‘உறைநுரை’ என்று வைத்துக்கொள்ளட்டும். ஈரோட்டுக் குஷன் கடையில் அதைச் சொன்னால் ஐஸ் கேட்கிறோம் என்று நினைப்பார்கள்.

என் கவலை வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுச் சோபாவுக்குப் புது நுரை போட்டோம். ‘நாற்பது டென்சிட்டி, நல்ல கெட்டி’ என்றார் கடைக்காரர். அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. இந்தத் தை மாதம் பார்த்தால், நான் உட்காரும் இடத்தில் பள்ளம். உறையைப் பிரித்து ஒரு திண்டை வெளியே எடுத்தேன். நீளம் 55 செ.மீ., அகலம் 55, தடிமன் 10. கடைக்காரர் சொன்ன டென்சிட்டி, அதாவது அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்றால் அந்தத் திண்டு 1 கிலோ 210 கிராம் இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசு 700 கிராம் காட்டியது. கணக்குப் போட்டால் அடர்த்தி 23தான் வருகிறது.

ஏமாந்தது பணத்தால் மட்டுமல்ல, சொல்லாலும்தான். ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனை பொருளை அடைத்து வைத்திருக்கிறோம் பாருங்கள். கெட்டித் தயிர் என்றால் நீர்க்காதது. கெட்டித் தரை என்றால் இறுகியது. சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்குக் கெட்டிச் சாயம் என்றால் போகாதது, நாள்பட நிற்பது. நுரையை விரலால் அமுக்கி இறுக்கத்தைப் பார்த்தேன். மனம் அதைக் கெட்டிச் சாயத்தின் ‘கெட்டி’யாக எடுத்துக்கொண்டது. இறுக்கம் வேறு, அடர்த்தி வேறு. கலவையை மாற்றினால் அடர்த்தி குறைந்த நுரையையும் விறைப்பாகச் செய்யலாம். அடர்த்தி மிகுந்ததை மெதுமெதுவென்றும் செய்யலாம். நாள்பட உழைப்பது பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்தது, ஏனென்றால் அந்த எலும்புக்கூட்டில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு அதுதான். (கால்சியம் கார்பனேட் பொடியைக் கலந்து எடையை ஏற்றும் வித்தையும் உண்டு. தராசையும் முழுதாக நம்ப முடியாது.)

அடர்த்திக்குப் பள்ளிப் புத்தகச் சொல்லே இருக்கிறது. இறுக்கத்துக்குத்தான் சொல் வேண்டும். அதை அளக்கும் முறை இது: சுமார் 8 அங்குல விட்டமுள்ள வட்டத் தகட்டால் நுரையை அழுத்தி, அதன் தடிமனில் 25 விழுக்காடு உள்ளே போக எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் இதை indentation force deflection என்பார்கள். இதற்குக் குழுவில் வந்த ‘உள்தள்ளல் விசை விலக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை உரித்துப் போட்டது அது. ‘அமுக்கம்’ நல்ல சொல், ஆனால் இலங்கையில் அது அழுத்தத்தையே குறிக்கிறது. தாழமுக்கம் என்று வானிலையில் கேட்டிருப்பீர்கள். இரண்டு நாட்டிலும் படிக்கப்படும் சொல்லில் குழப்பம் வேண்டாம்.

என் அம்மிச்சி இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டெடுத்து, மேலே உட்கார்ந்து பார்த்து, ‘இப்போது அளவாக அமுங்குகிறது’ என்பார். (நுரையை அப்படி வெயிலில் போட்டுவிடாதீர்கள். மஞ்சளித்து உதிரும்.) அந்த வினையையே எடுத்து ‘அமுங்குவிசை’ என்கிறேன்.

பெருந்துறை நண்பர் இலக்கணத் தடை எழுப்புவார் என்று தெரியும்: அமுங்குவது நுரையா, விசையா? வினைத்தொகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நண்பரே. சுடுகாட்டில் காடா சுடுகிறது? உருகுநிலையில் நிலையா உருகுகிறது? அமுங்குவதற்கு வேண்டிய விசை அமுங்குவிசை.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது. 65 விழுக்காடு அமுங்கத் தேவையான விசையை 25 விழுக்காட்டுக்கான விசையால் வகுத்தால் வருவது தாங்குவிகிதம். அது குறைந்த திண்டில் கனத்த ஆள் உட்கார்ந்தால் கீழே உள்ள பலகை இடிக்கும். அதற்குக் கப்பலுக்குச் சொல்லும் ‘தரைதட்டல்’ அப்படியே பொருந்துகிறது. சாண் உயரத்துச் சோபாவுக்குக் கப்பல் சொல்லா என்று சிரிக்கலாம், சிரியுங்கள். துண்டு நுரைகளைப் பசை கலந்து அழுத்திய பாளத்துக்கு ஒட்டுநுரை. 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கை வேலையில் பிறந்த, கை வைத்தால் தடம் விழுந்து மெதுவாக மேலே வரும் வகைக்கு ‘நினைவு நுரை’ (மெமரி ஃபோம்) வேண்டாம்; அதற்கு ஒன்றும் நினைவில்லை. மெல்லெழுநுரை எனலாமா?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரைக் கயிறாக முறுக்கி, சுருள் பிடித்த பின் பிரித்து, ரப்பர் பால் தெளித்துச் செய்யும் மெத்தையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது நுரை அல்ல, நார். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு குஷன் கடைக்குத் தராசோடு போகிறேன். சீட்டில் அடர்த்தி, அமுங்குவிசை என்று இரண்டு வரி எழுதிக் கேட்கப் போகிறேன். கடைக்காரர் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு என்ன கேட்கிறார் என்று இங்கேயே எழுதுகிறேன். சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அதற்குப் பிறகு மாற்றலாம்.