10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 9 வோல்ட்டை எட்டவே மாட்டேன் என்கிறது, ஏன்?

கேள்வி:
9 வோல்ட் அடாப்டர் (அளந்தால் சரியாக 9.0), 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், எல்லாம் தொடரிணைப்பில். டைம் கான்ஸ்டன்ட் (ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்) 10 நொடி என்பதால் 10வது நொடியில் 63.2 சதவீதம், அதாவது 5.69 வோல்ட் வரவேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் முனைகளில் வைத்தால் 5.1தான் வருகிறது. ஒரு நிமிடம் கழித்தும் 7.2ஐத் தாண்டவில்லை. அதே பாக்கெட்டில் இருந்த இன்னொன்றைப் போட்டாலும் இதேதான். ரெசிஸ்டரைத் தனியே அளந்தாயிற்று, சரியாக இருக்கிறது.

பதில் 1:
மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர்தான் சார். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். உங்கள் 1 மெகாவோடு சேர்ந்து அது வோல்டேஜைப் பங்கு போடும்: 9 × 10 ÷ 11 = 8.18. ரெசிஸ்டரை 100 கிலோ ஓம், கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கிப் பாருங்கள். அதே 10 நொடி வரும், மீட்டரால் குறைவது 0.09 வோல்ட்தான்.

பதில் 2:
மீட்டர் கணக்கு சரி, ஆனால் இவருக்கு 8.18இல் நிற்கவில்லையே. 7.2 என்றால் ரெசிஸ்டரில் 1.8 வோல்ட் விழுகிறது, ஓடுவது 1.8 மைக்ரோஆம்பியர். மீட்டர் எடுப்பது 0.72. மீதி 1.08 கெப்பாசிட்டருக்குள்ளேயே கசிகிறது. பழுதென்று தூக்கிப் போடாதீர்கள்; இந்த அளவு எலக்ட்ரோலைட்டிக்குக்குப் பல டேட்டாஷீட்களே (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) 3 மைக்ரோஆம்பியர் வரை கசிவை அனுமதிக்கின்றன.

100 மைக்ரோஃபாரட் யோசனை இதற்கு உதவாது. கெப்பாசிட்டர் பத்து மடங்கானால் கசிவும் ஏறக்குறைய பத்து மடங்காகும். ரெசிஸ்டர் பத்தில் ஒன்றானாலும் இழக்கும் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: மீட்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சார்ஜ் ஆக விடுங்கள். பிறகு புரோபை வைத்து, முதலில் தெரியும் எண்ணைக் குறியுங்கள். மீட்டர் மட்டும் காரணமென்றால் 9இல் தொடங்கி 8.18க்கு இறங்கும். கசிவும் இருந்தால் 7.8 போலத் தொடங்கி 7.2க்கு வரும்.

கேள்வி கேட்டவர்:
7.8தான் சார், அரை நிமிடத்தில் 7.2. நொடிக் கணக்கு ஏன் 5.1 என்று வந்தது?

பதில் 2:
கெப்பாசிட்டர் பக்கம் நின்று பார்த்தால் 1 மெகா, மீட்டரின் 10 மெகா, கசிவுக்குச் சமமான சுமார் 6.7 மெகா மூன்றும் பக்க இணைப்பில் இருக்கின்றன. மொத்தம் 0.8 மெகா, டைம் கான்ஸ்டன்ட் 8 நொடி. போய்ச் சேரும் இடமும் 9 அல்ல, 7.2. 10வது நொடிக்குக் கணக்கிட்டால் 5.14. கசிவு ஓம் விதிப்படி நேர்கோட்டில் போகாது. இவ்வளவு பொருந்தியதே அதிகம்.

பாடக்கணக்கு ஒத்துவர வேண்டுமானால் எலக்ட்ரோலைட்டிக்கை விட்டுவிட்டு 2.2 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டைப் பக்க இணைப்பில் போடுங்கள். அதில் கசிவைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1 மெகாவோடும் மீட்டரோடும் டைம் கான்ஸ்டன்ட் 4 நொடி, இறுதி 8.18, 4வது நொடியில் 5.17 வரவேண்டும். மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். ஸ்டாப்வாட்சையும் திரையையும் சேர்த்துக் கைபேசியில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

ஒவ்வொரு முறையும் முதலில் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஒயரால் தொட்டு எடுத்தால் போதாது, கொஞ்சம் வோல்டேஜ் தானாகத் திரும்பி ஏறும். 1 கிலோ ஓமை முனைகளுக்குக் குறுக்கே அரை நிமிடம் வைத்து, மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு சப்ளை கொடுங்கள்.