இரகசியப் பகிர்வா, பங்கீடா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் இரகசியத்தைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, குறித்த எண்ணிக்கையானவர்கள் சேர்ந்தால்தான் அது கிடைக்கும்படி செய்யும் முறைக்கு (secret sharing) தமிழ்ச் சொல் தேடுகிறோம். பண்டாரவளை டீச்சர் முன்வைத்த ‘இரகசியத் துண்டு’ வேண்டாம் என்பேன். துண்டு என்றதும், கடவுச்சொல்லை மூன்றாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுப்பதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படிக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றிலொரு பகுதி அப்படியே தெரிந்துவிடும். 1979இல் குறியாக்கவியல் அறிஞர் அடி ஷமீர் சொன்ன முறை அதுவல்ல.

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் மரண உதவிச் சங்கம் அங்கத்தவர் விபரங்களைக் கணினியில் பூட்டி வைக்கிறது. திறக்கும் எண் 7 என்று வைப்போம். வெட்டுத்துண்டு (0ஆம் இடத்தில் கோட்டின் பெறுமானம்) 7, படித்திறன் (ஓரிடம் நகரக் கூடும் அளவு) 3 உள்ள நேர்கோட்டில் 1, 2, 3 ஆகிய இடங்களில் வரும் பெறுமானங்கள் 10, 13, 16. தலைவருக்கு 10, செயலாளருக்கு 13, பொருளாளருக்கு 16. யாருடையது எந்த இடம் என்பதும் அவரவருக்குத் தெரியும். தலைவரும் செயலாளரும் சேர்ந்தால் வித்தியாசம் 3. 10இலிருந்து அதைக் கழித்தால் 7 வந்துவிடும். தலைவர் ஊரில் இல்லையா? 13உம் 16உம் போதும். ஆனால் 13ஐ மட்டும் வைத்திருப்பவருக்குப் படித்திறன் தெரியாது. கோடு எங்கிருந்தும் புறப்பட்டிருக்கலாம். நிஜத்தில் பெரியதொரு முதன்மை எண்ணால் வகுத்த மீதிகளில் இதைச் செய்வதால், தனியொருவருக்குக் கடுகளவும் கசியாது.

சாதாரண தரத்தில் ‘வெட்டுத்துண்டு’ படித்த பிள்ளைக்கு இங்கே இரகசியமே அந்த வெட்டுத்துண்டுதான். ஆளுக்குக் கொடுப்பதையும் துண்டு என்றால் குழம்பாதா?

‘பகிர்வு’ அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் இன்று பகிர்வது என்றால் பேஸ்புக்கில் போடுவது. இரகசியத்தை ஊருக்குச் சொல்வது போலாகிவிடும். ‘இரகசியப் பங்கீடு’ என்றே வைப்போம், ஆளிடம் இருப்பது ‘பங்கு’. பங்கீட்டு அட்டைக் காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கும் அந்தச் சொல் புதிதல்ல. பங்குக்கு உரிமை என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது.

அப்புறம், திறப்பதற்குக் குறைந்தது எத்தனை பங்கு வேண்டும் என்ற எண். அதற்கு ‘வாசல் எண்’ (threshold) என்பது எனக்கு ஒட்டவில்லை. பாராளுமன்றத்தில் 225 பேரில் எந்த 20 பேர் இருந்தாலும் கூட்டம் நடக்கலாம். அதைக் கூட்டநடப்பெண் என்கிறோம். இங்கேயும் யார் என்பதல்ல, எத்தனை பேர் என்பதே கணக்கு. ‘நடப்பெண்’ என்று எடுத்துக்கொண்டால் என்ன? மேலே சொன்ன சங்கத்தின் பங்குகள் 3, நடப்பெண் 2.

பங்கீட்டில் நான் உறுதி. நடப்பெண்ணைப் பற்றிப் பதுளை, தலவாக்கலை நண்பர்கள் சொல்லுங்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.