டுவல் ஐஎஸ்ஓ படத்தில கோடு கோடா வருது, ஆராவது உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். என்ர கெனன் 700டி-யில மெஜிக் லான்டர்ன் (கமராவுக்கு மேலதிக வசதி குடுக்கிற இலவச மென்பொருள்) போட்டிருக்கிறன், அதில டுவல் ஐஎஸ்ஓ 100/1600, அதாவது ஒரே படத்தில ரெண்டு ஒளியுணர்திறன். போன கிழமை விடிய கோணேசர் கோயில் பக்கம் மலையில நிண்டு சூரியன் எழும்பேக்க எடுத்த ரோ படங்களை சிஆர்2எச்டிஆர் எண்ட மாத்திற மென்பொருளால டிஎன்ஜி கோப்பு ஆக்கினா, பாறை நிழல் அவ்வளவு வடிவா விபரத்தோட வருது, ஆனா சூரியனைச் சுத்தி ரோஸ் கலர் படியுது, கடல் மினுங்கிற இடமெல்லாம் படுக்கைக் கோடு. உட்துறைமுகப் பக்கம் மப்பு நேரம் எடுத்ததில இந்தப் பிரச்சினையே இல்லை.

கார்டை மாத்திப் பாத்திட்டன், மெஜிக் லான்டர்னின்ர புது பில்டும் போட்டன், சிஆர்2எச்டிஆருக்குத் தேவையான எக்ஸிஃப்டூல், டிசிரோ ரெண்டும் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினன், லைட்ரூமிலயும் டார்க்டேபிளிலயும் ஒரே மாதிரித்தான் தெரியுது. ரெண்டு ரெண்டு வரியா ஐஎஸ்ஓ மாறுறதால வெளிச்சம் கூடின இடத்தில 1600 வரிகள் வெடிச்சு (விபரமில்லாம முழு வெள்ளையாகி) 100 வரி மட்டும் மிஞ்சும், அங்க பாதி ரெசலூஷன்தான் எண்டு விளங்குது, ஆனா ரோஸ் கலர் ஏன் எண்டுதான் பிடிபடேல்ல. வேற வேற வெளிச்ச அளவில மூண்டு படம் எடுத்துச் சேத்து பிராக்கெட் பண்ணலாம்தான், ஆனா அலையும் வள்ளமும் அசைஞ்சு பேய் உருவம் மாதிரி விழுது, அது எனக்கு சரிவராது.

இது வைட் லெவல் (முழு வெள்ளை எண்டு எடுக்கிற எல்லை) பிழையா கணக்காகிறதாலயோ, இல்லாட்டி 100 வரியும் சேந்து வெடிச்சிட்டுதோ, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?